முகம், தீ, ஒளிப்படம்: ஒரு வரலாற்றுக் குறிப்பு

முகத்தில் எந்தச் சிகிச்சை செய்வதானாலும் அதற்கு முன்பாக நோயாளியை ஒளிப்படம் எடுத்து வைத்துக்கொள்வது இன்று உலகெங்கும் உள்ள மருத்துவ வழக்கம். தழும்பை நீக்குவதோ, மூக்கைச் சீரமைப்பதோ, பருவடுவுக்கு லேசர் வைப்பதோ எதுவாயினும் முதலில் படம், பிறகுதான் ஊசியும் கத்தியும். பார்வைக்கு மிக எளிய செயல் இது. ஆனால் இதற்குப் பின்னால் இருநூறாண்டுகளுக்கும் மேற்பட்ட ஒரு வரலாறு இருக்கிறது. மருத்துவர், ஓவியர், காவலர், இனவரைவியலாளர், வணிகர் எனப் பலரும் அதில் கைவைத்திருக்கிறார்கள். அந்த வரலாற்றை இங்கே சுருக்கமாகத் தொகுத்துக்கொண்டு, அதன் வெளிச்சத்தில் விருதுநகர் மாவட்டத்தைப் பார்க்க முயல்வோம்.

விருதுநகர் ஏன் என்ற கேள்வி எழலாம். தமிழகத்தில் வீட்டுச் சுவர்களில் தொங்கும் முகங்களில் பெரும்பங்கு சிவகாசியில் அச்சானவை. தமிழகத்தில் தீயால் சிதைந்த முகங்களில் பலவும் அதே ஊரைச் சுற்றியுள்ள பட்டாசு ஆலைகளிலிருந்து வந்தவை. மாசற்ற முகத்தைப் படமாக்கும் தொழிலும் முகத்தை மாசுபடுத்தக்கூடிய தொழிலும் ஒரே கரிசல் மண்ணில் அருகருகே வளர்ந்திருக்கின்றன. ஆகவே, முகத்தின் படம் யாருக்கு, எதற்கு என்ற கேள்வியை எழுப்ப இதைவிடப் பொருத்தமான இடம் நமக்குத் தென்படவில்லை.

1

முதலில் மருத்துவ ஒளிப்படம் எப்படி எடுக்கப்படுகிறது என்று பார்த்துவிடலாம். ஸ்டூடியோவில் நாம் எடுத்துக்கொள்ளும் படத்திலிருந்து அது எல்லா வகையிலும் மாறுபட்டது. ஸ்டூடியோக்காரர் நம்மைச் சற்றே திரும்பச் சொல்வார், சிரிக்கச் சொல்வார், பவுடர் போட்டுக்கொள்ளச் சீப்பும் கண்ணாடியும் தருவார். மருத்துவப் படத்துக்குப் பொட்டை எடுத்துவிட வேண்டும், மூக்குத்தியையும் தோட்டையும் கழற்ற வேண்டும், முடியைப் பின்னால் வாரிக் கட்ட வேண்டும். ஒப்பனை கூடாது. சிரிக்கக் கூடாது. பின்னால் ஒரே நிறத்தில், பெரும்பாலும் நீலத்திலோ சாம்பல் நிறத்திலோ, ஒரு திரை இருக்கும்.

படங்கள் வழக்கமாக ஐந்து கோணங்களில் எடுக்கப்படும். நேர்முகம், வலப்பக்கம், இடப்பக்கம், இவற்றுக்கு இடைப்பட்ட இரண்டு சாய்கோணங்கள். மூக்குக்கான சிகிச்சை என்றால் தலையை அண்ணாந்து கீழிருந்து ஒன்று. தலை மேலும் கீழும் சாயாமலிருக்க ஒரு கற்பனைக்கோடு உண்டு. காதுத்துளையின் மேல்விளிம்பையும் கண்குழியின் கீழ்விளிம்பையும் இணைக்கும் அந்தக் கோடு தரைக்கு இணையாக இருக்க வேண்டும். 1884இல் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரில் கூடிய மானிடவியலாளர்கள் மண்டையோடுகளை ஒப்பிடுவதற்காக ஏற்றுக்கொண்ட கோடு இது. ‘பிராங்க்பர்ட் கிடைக்கோடு’ என்ற பெயரிலேயே இன்றும் வழங்குகிறது. மண்டையோட்டை அளக்கப் பிறந்த கோடு உயிருள்ள முகத்துக்கு எப்படி வந்தது என்பதைப் பின்னர் காண்போம்.

லென்ஸைப் பொறுத்தும் விதி உண்டு. 35 மி.மீ. படச்சுருள் காலத்திலிருந்தே 90 முதல் 105 மி.மீ. வரையுள்ள லென்ஸே முகத்துக்கு ஏற்றதாகக் கருதப்பட்டு வந்திருக்கிறது. அகலக்கோண லென்ஸை அருகில் கொண்டுபோனால் மூக்கு பருத்தும் காதுகள் சிறுத்தும் தெரியும். இன்று கைபேசியில் அருகிருந்து எடுக்கப்படும் படங்களில் நாம் காண்பது இந்தக் கோணலைத்தான். வெளிச்சத்தின் பங்கு இதனினும் பெரிது. விளக்கைப் பக்கவாட்டில் வைத்தால் ஒவ்வொரு குழியும் மேடும் நிழல் வீழ்த்தும், தழும்பு எடுப்பாகத் தெரியும். அதே விளக்கை நேர் எதிரே வைத்தால் நிழல்கள் மறைந்து தோல் வழவழப்பாகிவிடும். சிகிச்சைக்கு முந்தைய படத்தைப் பக்கவாட்டு ஒளியிலும் பிந்தைய படத்தை நேரொளியிலும் எடுத்தால் எந்த மருந்துமின்றியே முகம் ‘குணமாகிவிடும்’. இந்த விதிகள் அனைத்தும் இந்தப் பொய்யைத் தடுக்கவே வகுக்கப்பட்டவை.

நம்மவர் தோல்நிறம் குறித்து இன்னொன்றும் சொல்ல வேண்டும். கேமராவின் ஒளிமானி தனக்கு முன்னால் உள்ள எதையும் நடுத்தரச் சாம்பல் நிறமாகக் கொண்டு கணக்கிடுகிறது. கருத்த முகம் சட்டகத்தை நிறைத்தால் அதைக் கணக்குக்கு மீறி வெளுப்பாக்கிவிடும். வண்ணப் படச்சுருளின் காலத்திலோ அச்சகங்களுக்கு அனுப்பப்பட்ட ஒப்புநோக்கு அட்டைகளில் இருந்தது வெள்ளைக்காரப் பெண்ணின் முகம். கோடாக் நிறுவனம் அனுப்பிய ‘ஷர்லி அட்டை’ என்பது அது. கரிசல் காட்டு முகத்தின் தீத்தழும்பில் எங்கே நிறம் போயிருக்கிறது, எங்கே கூடியிருக்கிறது என்பதை அந்தச் சுருள் சரியாகக் காட்டவில்லை என்றால் அதில் வியப்பில்லை.

2

சிகிச்சைக்கு உள்ளான முகத்தின் படம் என்ற வகையில் உலகப் புகழ்பெற்ற முதற்படங்களில் ஒன்று இந்தியர் ஒருவருடையது. பெயர் கவாஸ்ஜி. மூன்றாம் மைசூர்ப் போரில் ஆங்கிலப் படையில் வண்டிமாடு ஓட்டியவர். 1792இல் திப்புவின் படையிடம் சிக்கி, மூக்கும் ஒரு கையும் அறுக்கப்பட்டவர். ஏறத்தாழ ஓராண்டு மூக்கின்றி இருந்த அவருக்குப் புனே அருகே ஒரு மருத்துவர் நெற்றித் தோலைக் கீழே திருப்பி இறக்கி மூக்குச் செய்து கொடுத்தார். ஆங்கிலேயர் குறிப்புகள் அந்த மருத்துவரின் தொழிற்சாதியைச் சொல்கின்றன, பெயரைச் சொல்லவில்லை. அதை நேரில் பார்த்தவர்களாகப் பம்பாய் மாகாணத்தைச் சேர்ந்த இரண்டு ஆங்கில அறுவை மருத்துவர்களின் பெயர்கள் பதிவாகியிருக்கின்றன. ஜேம்ஸ் வேல்ஸ் என்ற ஓவியர் கவாஸ்ஜியை வரைந்தார். அதன் செதுக்குப்படம் 1794 அக்டோபரில் லண்டனின் ‘ஜென்டில்மேன்ஸ் மேகசின்’ இதழில் விளக்கத்துடன் வெளியாயிற்று. அதைப் படித்து ஊக்கம் பெற்ற ஜோசப் கார்ப்யூ 1814இல் லண்டனில் அதே முறையைச் செய்துபார்த்து, 1816இல் நூலாக வெளியிட்டார். ஐரோப்பாவில் மூக்கறுவை மறுபிறப்பு எடுத்த கதை இது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. வேல்ஸ் வரைந்தது சிகிச்சை முடிந்து சுமார் பத்து மாதங்களுக்குப் பிந்தைய முகம். ‘முன்’ படம் கிடையாது. அதற்குப் பதிலாக, மெழுகுத் தகட்டை எப்படி வெட்டுவது, நெற்றியில் எங்கே கோடு கிழிப்பது என்ற வரைபடங்கள் ஓரத்தில் உள்ளன. கவாஸ்ஜியின் துயரம் அந்த இதழின் வாசகருக்குத் தேவைப்படவில்லை. செய்முறையும் சான்றுமே தேவைப்பட்டன. முகத்தின் மருத்துவப் படம் தன் முதற்பிறவியில் ஒரு சாட்சிப் பத்திரம்.

மூக்குக்குப் போலவே காதுக்கும் நம்மிடம் ஒரு பழைய மரபு உண்டு. சுசுருதரின் நூலில் சூத்திரதானத்தின் பதினாறாம் அத்தியாயம் காது குத்துவதையும் அறுந்த காதுமடலை இணைக்கும் பதினைந்து வழிகளையும் விரிவாகச் சொல்கிறது. மூக்கைப் பற்றிய பகுதி அதே அத்தியாயத்தின் தொடர்ச்சியாகவே வருகிறது. மதுரைக்குத் தெற்கே, இன்றைய விருதுநகர் மாவட்டம் உட்பட, பெண்கள் காது வளர்த்துப் பாம்படமும் தண்டட்டியும் அணிந்ததை வாசகர் அறிவர். காலம் மாறி அது நாகரிகக் குறைவாகக் கருதப்பட்டபோது பலர் வளர்த்த காதை அறுத்து ஒட்டித் தைத்துக்கொண்டார்கள். அழகுக்கான முக அறுவை என்று இன்று நாம் பெருநகரத்தோடு சேர்த்துப் பேசுவது, அந்தப் பெயரில்லாமல், கரிசல் கிராமத்துப் பாட்டிமார் காலத்திலேயே நடந்தது. அதற்கு ‘முன்’ படமோ ‘பின்’ படமோ எடுத்தவர் இலர். பாம்படம் கழற்றப்பட்ட அந்தக் காதுகளைப் படமெடுக்க வந்தவர்கள் வேறு நோக்கத்தோடு வந்தார்கள்.

3

1839இல் ஒளிப்படம் அறிவிக்கப்பட்ட ஓரிரு ஆண்டுகளிலேயே அது இந்தியாவுக்கு வந்துவிட்டது. சென்னை மாகாணத்தின் அரசு ஒளிப்படக்காரராக இருந்த லின்னேயஸ் டிரைப் 1858இல் மதுரைக் கோயிலையும் நாயக்கர் மகாலையும் படமெடுத்தார். அதே பத்தாண்டில் இங்கிலாந்தில் ஹியூ டயமண்ட் என்ற மருத்துவர் சர்ரே மனநல விடுதியில் தம் பெண் நோயாளிகளைப் படமெடுத்துக்கொண்டிருந்தார். அவர் 1856இல் ராயல் சொசைட்டியில் படித்த கட்டுரையில் ஒளிப்படத்துக்கு மூன்று பயன்கள் சொன்னார். நோயைப் பதிவுசெய்வது ஒன்று. நோயாளியிடமே அவர் படத்தைக் காட்டிச் சிகிச்சைக்குத் துணையாக்குவது இரண்டாவது. விடுதிக்கு மீண்டும் வந்தால் அடையாளம் காண்பது மூன்றாவது. மருத்துவம், நோயாளியின் நலன், கண்காணிப்பு ஆகிய மூன்றும் ஒரே கட்டுரையில் ஒன்றாக இருந்தன. பின்வந்த காலத்தில் முதலாவதும் மூன்றாவதும் பெருகின. இரண்டாவது மெலிந்துபோயிற்று.

அமெரிக்காவில் உள்நாட்டுப் போரின்போது கர்டன் பக் என்ற அறுவை மருத்துவர் கார்ல்டன் பர்கன் என்னும் படைவீரருக்குச் செய்த சிகிச்சை ‘முன்-பின்’ வரிசைக்கு ஓர் ஆரம்பகால எடுத்துக்காட்டு. காய்ச்சலுக்குத் தரப்பட்ட பாதரச மருந்தின் விளைவாக அழுகல் கண்டு, மேல்தாடையையும் வலக்கன்னத்தையும் ஒரு கண்ணையும் இழந்தவர் பர்கன். பல அறுவைகளில் அவர் முகம் கட்டியெழுப்பப்பட்டது. ஒவ்வொரு நிலையும் படமானது. ஒரே முகத்தைக் காலத்தின் வரிசையில் அடுக்கிக் காட்டும் உத்தி இங்கே தெளிவாகத் தெரிகிறது.

1880களில் பாரிஸ் காவல்துறையின் பெர்தியோன் குற்றவாளிகளை நேர்முகமும் பக்கமுகமுமாக, ஒரே தொலைவில், ஒரே ஒளியில் எடுக்கும் முறையை வகுத்தார். அதே காலத்தில் மானிடவியலாளர் சாதி, இனம் என்று வகை பிரிக்க அதே இரு கோணங்களைக் கையாண்டனர். சென்னையில் அந்தப் பணியைச் செய்தவர் எட்கர் தர்ஸ்டன். 1885 முதல் 1908 வரை சென்னை அருங்காட்சியகக் கண்காணிப்பாளர். கே. ரங்காச்சாரியின் துணையோடு 1909இல் ஏழு தொகுதிகளாக அவர் வெளியிட்ட ‘தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்’ நூல் இன்றும் புரட்டப்படுகிறது. மூக்கின் அகலத்துக்கும் நீளத்துக்குமான விகிதத்தை அளந்து குலங்களை வரிசைப்படுத்தலாம் என்று நம்பிய காலம் அது. காது வளர்த்த பெண்களின் படங்களும் அவர் வெளியீடுகளில் இடம்பெற்றன. காவல்துறை அலுவலர்களுக்கும் அவர் உடல் அளவியல் கற்பித்தார்.

பிராங்க்பர்ட் கோடு உயிருள்ள முகத்துக்கு வந்த பாதை இதுதான். இன்றைய மருத்துவர் அந்தக் கோட்டைப் பயன்படுத்துவது ஒப்பீட்டின் நேர்மைக்காகவே, ஐயமில்லை. ஆனால் ‘சிரிக்காதே, நகையைக் கழற்று, நேரே பார், பக்கம் திரும்பு’ என்ற கட்டளைகளைக் கேட்கும் எளிய மனிதருக்கு அது காவல் நிலையத்தை நினைவூட்டினால் அவர் நினைவில் பிழையில்லை. அந்த இரண்டு படங்களும் உடன்பிறந்தவை.

4

முதல் உலகப்போரின் பதுங்குகுழிகள் முகக்காயங்களைப் பெருக்கின. உடல் மண்ணுக்குள், தலை வெளியே. நியூசிலாந்தில் பிறந்த ஹெரால்ட் கில்லீஸ் முதலில் ஆல்டர்ஷாட்டிலும், 1917 முதல் சிட்கப் மருத்துவமனையிலும் முகச்சீரமைப்பைத் தனித்துறையாக வளர்த்தார். ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட படைவீரர்களுக்குப் பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட அறுவைகள் அங்கே நடந்தன. ஒவ்வொருவருக்கும் ஒளிப்படம் எடுக்கப்பட்டது. அது போதாதென்று ஓவியரான ஹென்றி டாங்ஸ் அழைத்துவரப்பட்டார். டாங்ஸ் அறுவை மருத்துவராகப் பயின்று பிறகு ஓவியம் கற்பிக்கச் சென்றவர். கறுப்பு வெள்ளைப் படத்தில் வராத தசையின் நிறத்தை வண்ணக்கோலால் வரைந்தார். இன்று அவற்றைப் பார்க்கும்போது ஒரு வேறுபாடு தெரிகிறது. ஒளிப்படங்கள் காயத்தைக் காட்டுகின்றன. டாங்ஸின் ஓவியங்களில் காயத்துக்கு மேலே இரண்டு கண்கள் நம்மைப் பார்க்கின்றன.

சிட்கப் மருத்துவமனையின் கூடங்களில் முகம் பார்க்கும் கண்ணாடிக்குத் தடை இருந்தது. தம் முகத்தைப் பார்க்க அனுமதிக்கப்படாதவர்களின் முகங்கள் கோப்புகளில் அடுக்கப்பட்டு, கில்லீஸ் 1920இல் வெளியிட்ட நூலில் உலகப் பார்வைக்கு வந்தன. ஹியூ டயமண்ட் சொன்ன இரண்டாவது பயனுக்கு நேர்ந்த கதியை இது காட்டுகிறது. படம் எல்லோருக்கும் உண்டு, படத்திலிருப்பவருக்கு மட்டும் இல்லை.

கில்லீஸிடம் பயின்ற இந்தியரான நோஷிர் அன்டியா பம்பாயிலும் புனேயிலும் தொழுநோயால் சிதைந்த முகங்களைச் சீரமைத்தார். தமிழகத்தில் அந்தப் பணி வேலூரில் நடந்தது. 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த பால் பிராண்ட் முதலில் கைகளையே கவனித்தார். தொழுநோயில் மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்றி நிமிர்த்தினார். நோய் நீங்கிக் கையும் நிமிர்ந்து ஊர் திரும்பியவர்களுக்கு வேலை கிடைக்கவில்லை. அமுங்கிய மூக்கும் உதிர்ந்த புருவமும் அவர்களைக் காட்டிக்கொடுத்தன. ஆகவே மூக்கை உயர்த்துவதும் தலைத்தோலிலிருந்து புருவம் வைப்பதும் மருத்துவத் திட்டத்தில் சேர்ந்தன. 1955இல் வேலூரை அடுத்த கரிகிரியில் தொடங்கப்பட்ட தொழுநோய் ஆய்வு மருத்துவமனை இந்த மரபைத் தொடர்ந்தது.

புருவம் வைப்பது அழகுச் சிகிச்சையா, மறுவாழ்வா? புருவமில்லாமல் உயிர் வாழலாம். ஆனால் தேநீர்க் கடையில் கண்ணாடித் தம்ளரில் தேநீர் வாங்க முடியாது. ‘அழகுக்காக’ என்ற சொல்லை நம்மில் பலர் சற்று இளக்காரத்தோடு உச்சரிக்கிறோம். முகம் என்பது பிறரோடு உறவுகொள்ளும் வாசல் என்பதை வேலூர் நோயாளிகள் தம் வேலைக்கான அலைச்சலில் கற்றுக்கொண்டிருந்தார்கள்.

5

இனி சிவகாசி. மழை பொய்க்கும் கரிசல் பூமி. 1920களின் தொடக்கத்தில் பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்று 1923இல் திரும்பினார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும், ஆகவே அச்சகம் வந்தது. 1940இல் வெடிபொருள் விதிகள் வந்து, போரினால் இறக்குமதியும் நின்றபோது பட்டாசு ஆலைகள் வந்தன. தீப்பெட்டி, பட்டாசு, அச்சு என மூன்று தொழில்களும் ஒன்றையொன்று ஊட்டி வளர்த்தன.

அச்சுத்தொழில் லேபிளிலிருந்து நாட்காட்டிக்கு வளர்ந்தது. கோவில்பட்டியில் வாழ்ந்த கொண்டைய ராஜுவும் (1898-1976) அவர் சீடர்களும் வரைந்த தெய்வ முகங்கள் சிவகாசி எந்திரங்களில் பெருகி நாடெங்கும் சென்றன. லட்சுமிக்கும் சரசுவதிக்கும் முருகனுக்கும் ஒரு துளைகூடத் தெரியாத ரோஜாநிறத் தோலை அவர்கள் அளித்தார்கள். ஒளிப்பட நிலையங்களில் அதே வேலையை நெகட்டிவின்மேல் கூர்பென்சில் செய்தது. ‘டச்சிங்’ என்று அதற்குப் பெயர். அம்மைத்தழும்பும் பருவடுவும் அங்கே மறையும், பெண் பார்க்க அனுப்பும் படம் தயாராகும். 1975இல் சந்தைக்கு வந்த சிவப்பழகுக் களிம்பு 2020இல்தான் தன் பெயரிலிருந்த வெண்மையைக் கைவிட்டது. அழகிய முகம் என்பது தழும்பற்ற, வெளுத்த முகம் என்ற பாடத்தை நமக்குக் கற்பித்ததில் சிவகாசியில் அச்சான தாள்களுக்கும் பங்குண்டு.

அந்த முகங்களில் ஒன்று பட்டாசுக்கும் போயிற்று. லட்சுமி வெடியின் மேல் லட்சுமி படம்.

பட்டாசு ஆலையில் வெடிக்கலவைக்கு மருந்து என்று பெயர். மருந்து கலப்பது, மருந்து செலுத்துவது, திரி வைப்பது என்று அறை அறையாக வேலை. நோயைத் தீர்ப்பதற்கும் உடலை எரிப்பதற்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு அங்கே குடும்பங்கள் வாழ்கின்றன. உராய்வு, வெப்பம், ஈரத்தினால் ஏற்படும் வேதிமாற்றம் ஏதேனும் ஒன்று போதும். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நடந்த வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளம் ஆலை விபத்திலும் ஏறத்தாழ இருபது உயிர்கள் போயின. செய்தித்தாள் மாண்டவரை எண்ணுகிறது. ‘காயமடைந்தோர்’ என்ற ஒற்றைச்சொல்லுக்குள் போகிறவர்களைப் பற்றி மறுநாள் எழுதுவதில்லை.

மருந்து பற்றும்போது எழும் தீச்சுடர் முதலில் தாக்குவது முகத்தையும் கைகளையும். கண்ணை இறுக மூடிக்கொள்வதால் கண்ணோரச் சுருக்கங்களுக்குள் சில கோடுகள் மட்டும் கருகாமல் தப்புவதை மருத்துவர்கள் குறித்திருக்கிறார்கள். ஆழமான புண் ஆற மூன்று வாரங்களுக்கு மேலானால் தடித்த தழும்பு விழும். அது மெல்ல இழுக்கும். கீழிமை வெளியே புரளும், வாய் குறுகும், மோவாய் கழுத்தோடு ஒட்டும். தழும்பு முதிர ஆறு மாதம் முதல் இரண்டாண்டு வரை ஆகும். கண்ணை மூட முடியாத நிலை போன்ற அவசரங்கள் தவிர, சீரமைப்பு பெரும்பாலும் அதற்குப் பிறகே. அந்தக் காலம் முழுவதும் ஒரே கோணத்தில், ஒரே ஒளியில் எடுக்கப்படும் படங்களே தழும்பு தணிகிறதா தடிக்கிறதா என்பதைச் சொல்லும். நினைவை நம்பி இதைச் செய்ய இயலாது. ஆகவே படமெடுப்பது தேவைதான், அதில் நமக்கு மாற்றுக்கருத்தில்லை.

6

ஆனால் தீப்பட்ட முகத்தைப் பொறுத்தவரை ‘முன்’ என்ற சொல்லே இரண்டாகப் பிளக்கிறது. மருத்துவமனைக் கோப்பில் ‘சிகிச்சைக்கு முன்’ என்று எழுதப்பட்ட படம் எரிந்த முகத்தின் படம். நோயாளியின் மனத்தில் ‘முன்’ என்பது தீக்கு முந்தைய முகம். சீரமைப்பு மருத்துவரும் அந்த இரண்டாவது படத்தைக் கேட்பதுண்டு. உதட்டின் வளைவும் புருவத்தின் உயரமும் முன்பு எப்படி இருந்தன என்பதை அறிய அது உதவும். அப்போது வீட்டிலிருந்து வருவது என்ன? திருமண ஆல்பத்தின் ஒரு பக்கம், 1990களுக்குப் பிறகென்றால் வாக்காளர் அட்டை, பள்ளி அடையாள அட்டை, ஆலையில் தந்த அட்டை. அல்லது ஸ்டூடியோவில் எடுத்து டச்சிங் செய்த படம். அந்த டச்சிங்கில் அவருடைய இயல்பான மச்சமோ அம்மைவடுவோ ஏற்கெனவே அழிக்கப்பட்டிருக்கும்.

ஆக, எரிந்த முகத்துக்கு நான்கு கோணத்தில், ஐந்து கோணத்தில், அளவுகோலோடு துல்லியமான படங்கள் இருக்கின்றன. எரியாத முகத்துக்கு ஓரங்குலப் படம் ஒன்றோ இரண்டோ. இந்தச் சமமின்மையை நாம் எண்ணிப்பார்க்க வேண்டும். வறியவர்களின் முகம் விரிவாகப் பதிவாவது அது சிதைந்த பிறகுதான். தர்ஸ்டனுக்கு முகவகை தேவைப்பட்டது, காவலருக்குக் குற்றவாளி தேவைப்பட்டார், மருத்துவருக்குக் காயம் தேவைப்படுகிறது. அந்த முகம் முகமாக மட்டுமே இருந்த நாட்களைப் பதிவுசெய்ய ஆளில்லை.

7

படம் எடுத்தாயிற்று, பிறகு அது யாருக்குச் சொந்தம்? இந்திய மருத்துவக் குழுவின் 2002ஆம் ஆண்டு நடத்தை விதிகள், நோயாளியின் அடையாளம் தெரியும்படியான படத்தை அவர் அனுமதியின்றி எந்த இதழிலும் வெளியிடக் கூடாது என்கின்றன. அடையாளம் தெரியாதெனில் அனுமதி தேவையில்லை என்றும் அதே விதி சேர்க்கிறது. 2023இல் அறிவிக்கப்பட்ட புதிய விதிகள் சில வாரங்களிலேயே நிறுத்திவைக்கப்பட்டன. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017இல் தீர்ப்பளித்தது. தனிமனிதத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் நிறைவேறியது.

விதியில் உள்ள ‘அடையாளம் தெரியாதெனில்’ என்பதுதான் இடறுகிறது. கண்களின்மேல் ஒரு கறுப்புப்பட்டை போட்டால் அடையாளம் மறைந்துவிடும் என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. அது போதாது என்று உலக மருத்துவ இதழாசிரியர் குழு தன் நெறிமுறைகளில் தெளிவாகச் சொல்லிவிட்டது. நம் ஊர் வழக்கமே அதற்குச் சான்று. பள்ளி மாற்றுச் சான்றிதழில் ‘அங்க அடையாளங்கள்’ என்று ஒரு வரி இருக்கிறது. அங்கே எழுதப்படுவது மச்சமும் தழும்பும். தழும்பையே அடையாளமாகக் கொள்ளும் நாட்டில், தழும்பைக் காட்டி கண்ணை மட்டும் மறைத்தால் மறைவது யார்? சாத்தூர் வட்டாரத்துக் கிராமம் ஒன்றில் இன்னாரின் கன்னத்துத் தழும்பு எந்த ஆலையில், எந்த ஆண்டு வந்தது என்பதை ஊரே சொல்லும்.

இதற்கிடையில் தோல் அழகுச் சிகிச்சையகங்கள் தென்மாவட்டங்களின் சிறு நகரங்களுக்கும் வந்துவிட்டன. ‘முன்-பின்’ படங்கள் இன்று மருத்துவ இதழ்களைவிட விளம்பரங்களில்தான் மிகுதி. பக்கவாட்டு ஒளியில் ‘முன்’, நேரொளியில் புன்னகையோடு ‘பின்’. கைபேசியோ கேட்காமலே தோலை வழவழப்பாக்கித் தருகிறது. டச்சிங் பென்சில் இப்போது கருவிக்குள்ளேயே போய்விட்டது. சாட்சிப் பத்திரமாகப் பிறந்தது நாட்காட்டிப் படமாக முடிந்திருக்கிறது. சிகிச்சை மேசையில் அமர்ந்தபடி, கட்டணத்தில் சலுகை என்ற சொல் காதில் விழ, கையெழுத்திடப்படும் ஒப்புதலை ஒப்புதலாகக் கொள்ளலாமா என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

சிகிச்சைக்காக எடுக்கப்படும் படத்துக்கு ஓர் ஒப்புதல், கற்பிக்க வேறொன்று, வெளியிட மற்றொன்று, விளம்பரத்துக்கு முற்றிலும் தனியாக ஒன்று என்று பிரித்துக் கேட்பதே முறை. ஒன்றுக்கு இசைந்து மற்றதை மறுத்தால் சிகிச்சை குறையாது என்பதைத் தமிழில், அவருக்குப் புரியும் சொற்களில் சொல்ல வேண்டும். பின்னொரு நாள் மனம் மாறினால் திரும்பப் பெறவும் வழி வேண்டும். இவை அனைத்துக்கும் மேலாக, படத்தின் ஒரு பிரதியை நோயாளிக்கே தர வேண்டும். 1856இல் டயமண்ட் சொன்ன அந்த இரண்டாவது பயன் இன்னும் உயிரோடிருக்கிறது. தழும்பு தணிவதை நாள்தோறும் கண்ணாடியில் பார்ப்பவரால் உணர முடியாது. ஆறு மாதத்துக்கு முந்தைய படத்தையும் இன்றையதையும் அருகருகே வைத்துப் பார்த்தால் மோவாய் எத்தனை விரற்கடை மேலே வந்திருக்கிறது என்பது தெரியும். அடுத்த அறுவைக்கு வரலாமா, இனி போதும் என்று நிறுத்திக்கொள்ளலாமா என்பதை அவரே முடிவுசெய்ய அது உதவும்.

2022 ஜனவரியில் விருதுநகருக்கு ஓர் அரசு மருத்துவக் கல்லூரி வந்திருக்கிறது. தீப்பட்டவரை மதுரைக்குத் தூக்கிக்கொண்டு ஓடிய மாவட்டத்தில் இனி மருத்துவ மாணவர்களே உருவாவார்கள். தங்கள் மாவட்டத்து முகங்களைப் படமெடுக்கும் முறையை அவர்கள் பாடமாகக் கற்பார்கள். கவாஸ்ஜியின் மூக்கைச் செய்தவரின் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை, கவாஸ்ஜி அந்தப் படத்தைப் பார்த்தாரா என்பதற்கும் குறிப்பில்லை. முதலாவதை இனி ஒன்றும் செய்ய முடியாது. இரண்டாவது, இன்று நாற்காலியில் அமரும் ஒவ்வொருவர் விஷயத்திலும் நம்மால் செய்யக்கூடியது.